திறத்தலும் உடைத்தலும்



இப்பகுதிக்கு வரும் மடல்களுள் சில உடனே விடை எழுதத்தக்கவை. வேறு சில நம்மைப் பல நாள் எண்ணிப் பார்க்க வைப்பவை. அண்மையில் வந்த ஒரு மடல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. அவருடைய பெயரையும் ஊரையும் கூற மாட்டோம். அவரது இசைவைப் பெற்று, ஆளை அடையாளம் காட்டக்கூடிய குறிப்புகளை நீக்கியே இங்கு எழுதுகிறோம். இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்பது போகப்போக விளங்கும்.

அவருக்கு நன்கு அறிமுகமான ஒரு பெண்ணுக்கு வரன் பேசி வந்தனர். மணமகன் வீட்டார் நாலு இடத்தில் விசாரித்தனர்; இவரிடமும் வந்து கேட்டனர். அப்பெண் படிக்கும் காலத்தில் மனச்சோர்வுற்றுச் சில மாதம் மருத்துவம் பெற்றாள் என்பது இவருக்குத் தெரியும். பெண்ணின் தாயே ஒரு நாள் கண்ணீரோடு சொல்லியிருந்தார். அதை இவர் சொல்லிவிட்டார். பேச்சு அத்துடன் நின்றது. "நான் பொய் சொல்லவில்லையே! கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

ஒரே சொல்லில் விடை கூறலாம். ஆயினும் அதற்கு முன், இரகசியத்தை வெளியிடுவதற்கு நம் தமிழில் வழங்கும் சொற்களையே சற்று உற்று நோக்குவோம். நம் முன்னோர் சொல்லை உருவாக்கும்போதே அதனுள் ஒரு தீர்ப்பையும் எழுதி வைத்திருக்கின்றனர்.

மறை என்னும் சொல்

மறைவாக இருப்பது மறை. திருக்குறளில் ‘கயமை’ என்னும் அதிகாரம், தான் கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டு சேர்க்கும் கயவனை அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிடுகிறது. அங்கே ‘மறை’ என்பதற்கு இரகசியம் என்பதே பொருள். அதே சொல்லைத்தான் நாம் இறைவனைச் சார்ந்தவற்றுக்கும் எடுத்துக்கொண்டோம். மறைமாவட்டம், மறைக்கல்வி, மறையுரை, மறைசாட்சி என்று நாள்தோறும் வழங்குகிறோம். செபமாலை சொல்லும்போது நம் பாட்டிமார் ‘சந்தோஷ தேவ இரகசியங்கள்’ என்றனர்; இன்று ‘மகிழ்ச்சி மறைபொருள்கள்’ என்கிறோம்.

மறைந்திருப்பதும் புனிதமானதும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இறைவனுடைய மறைபொருளை மனிதன் தானாகச் சென்று பறித்துக்கொள்ள முடியாது. இறைவனே விரும்பி வெளிப்படுத்த வேண்டும். அதனாலன்றோ அது ‘திருவெளிப்பாடு’ எனப்படுகிறது! மனிதன் இறைச்சாயலாகப் படைக்கப்பட்டவன். அவனுடைய உள்ளத்திலும் பிறர் அழைப்பின்றி நுழையலாகாத ஓர் அறை உண்டு.

திறப்பவரும் உடைப்பவரும்

இனி, வெளியிடுதலைக் குறிக்கும் சொற்களைப் பார்ப்போம். ஒருவர் தம்முடைய செய்தியைத் தாமே சொல்லும்போது நாம் என்ன கூறுகிறோம்? ‘மனம் திறந்தார்’ என்கிறோம். ‘மனம் விட்டுப் பேசினார்’ என்கிறோம். ‘உள்ளத்தில் உள்ளதையெல்லாம் கொட்டினார்’ என்கிறோம். கதவைத் திறப்பது போலவும், சுமையை இறக்குவது போலவும் அமைந்த சொற்கள் இவை. இவற்றில் ஒரு நிம்மதி தெரிகிறது.

அதே செய்தியை வேறொருவர் வெளியிட்டால் சொற்கள் மாறிவிடுகின்றன. ‘குட்டை உடைத்தான்’, ‘விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான்’ என்கிறோம். பானை உடையும் ஓசை அதில் கேட்கிறது. ‘கோள் மூட்டினான்’ என்கிறோம்; தீயையும் மூட்டுகிறோம், கோளையும் மூட்டுகிறோம். பேச்சு வழக்கில் ‘வத்தி வைத்தான்’ என்பதும் அந்த நெருப்பே. ‘அம்பலப்படுத்தினான்’ என்கிறோம், அம்பலம் என்பது ஊர் கூடும் பொதுவிடம், வீட்டுக்குள் இருந்ததை ஊர் நடுவே இழுத்து வந்து நிறுத்தினான் என்பது பொருள். ‘புறங்கூறினான்’ என்கிறோம், முகத்துக்கு நேரே சொல்ல இயலாததை முதுகுக்குப் பின்னே சொன்னான் என்பது பொருள். தீங்கு செய்யும் எண்ணமின்றிச் சொன்னால்கூட ‘உளறினான்’ என்கிறோமே தவிரப் பாராட்டுவதில்லை.

கேட்பவருக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஒன்றும் அறியாதவர் போல் கேள்வி மேல் கேள்வி கேட்டு இரகசியத்தை வரவழைப்பதை ‘வாயைப் பிடுங்குதல்’ என்கிறோம். சொன்னவர் மட்டுமன்றிப் பிடுங்கியவரும் குற்றத்தில் பங்காளி என்று அச்சொல் உணர்த்துகிறது.

சங்க இலக்கியத்திலும் இதற்கு இரு சொற்கள் உண்டு. தலைவன் தலைவியரின் மறைவான நட்பைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது ‘அம்பல்’. பலரறிய வெளிப்படையாகப் பேசுவது ‘அலர்’. அரும்பு போன்றது அம்பல், விரிந்த மலர் போன்றது அலர் என உரைகாரர் விளக்குவர். அரும்பு மலர்ந்துவிட்டால் மீண்டும் அரும்பாகாது. முணுமுணுப்பின் நிலையிலேயே நிறுத்தத் தெரிந்தவர் புண்ணியவான்.

இச்சொற்களை எல்லாம் ஒரு சேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. தன் வீட்டுக் கதவை வீட்டுக்காரர் திறக்கிறார். மற்றவர் வந்தால் உடைக்கத்தான் முடியும். இரகசியம் யாருடையதோ அவரே அதைத் திறக்க உரிமையுடையவர். நம்மிடம் அது வந்து சேர்ந்தாலும் அது நம்முடையதாகிவிடுவதில்லை. காப்பாக வைக்கப்பட்ட அடைக்கலப் பொருளாகவே அது நம்மிடம் இருக்கிறது.

‘உண்மையைத்தானே சொன்னேன்?’

மடல் எழுதிய சகோதரியின் முக்கியமான நியாயம் இதுவே. பொய் சொன்னால்தான் பாவம், உண்மை சொன்னால் குற்றமில்லை என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம்.

திருச்சபையின் போதனை அவ்வாறு கூறவில்லை. 1992-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, பிறர் நற்பெயரைக் கெடுக்கும் குற்றங்களை 2477-ஆம் எண்ணில் வகைப்படுத்துகிறது. பொய்யான செய்தியால் ஒருவரின் பெயரைக் கெடுப்பது ஒரு வகை. நாம் அதை அவதூறு என்போம். ஒருவரிடம் மெய்யாகவே உள்ள குறையை, தக்க காரணமின்றி, அறியாதவருக்கு அறிவிப்பது இன்னொரு வகை. இரண்டுமே எட்டாம் கட்டளைக்கு எதிரானவை. மனநோயோ குற்றமன்று, குறையும் அன்று. காய்ச்சலைப் போல் அதுவும் ஒரு நோய். குற்றத்தையே வெளியிடலாகாது என்றால், ஒருவருடைய துன்பத்தை வெளியிடுவது எவ்வளவு தகாதது!

இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. பொய் சொன்னவன் மனம் மாறினால், கேட்டவரிடம் திரும்பிச் சென்று, "நான் சொன்னது பொய், மன்னியுங்கள்" எனலாம். உண்மையை வெளியிட்டவன் திரும்பிச் சென்று என்ன சொல்வான்? அவன் சொன்னது மெய்யாயிற்றே! ஆகவே அவதூற்றைவிட இதனைச் சீர் செய்வது சில வேளைகளில் கடினம். காயத்துக்குக் கட்டுப் போடலாம், ஏசியவரோடு ஒப்புரவாகலாம், இரகசியத்தை வெளியிட்டவனுக்கோ நம்பிக்கை இல்லை என்னும் கருத்தில் சீராக்கின் ஞான நூல் 27-ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பதும் இதனாலேயே. அதே நூல் 19-ஆம் அதிகாரத்தில் நகைச்சுவையோடும் அறிவுரை கூறுகிறது: கேட்ட செய்தி உன்னோடு மடியட்டும், அதனால் நீ வெடித்துவிட மாட்டாய் என்கிறது. நம் வயிறு வெடித்துவிடும் என்றுதானே பல வேளைகளில் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறோம்!

புனித வாரத்தில் நாம் கேட்கும் பாடுகளின் வரலாற்றை நினைவுகூருங்கள். யூதாசு செய்ததைத் தமிழ் ‘காட்டிக்கொடுத்தல்’ என்கிறது. அவன் ஆண்டவரைப் பற்றி என்ன பொய் சொன்னான்? அவர் தம் சீடர்களோடு அடிக்கடி செல்லும் தோட்டம் அவனுக்குத் தெரியும் என்கிறார் புனித அருளப்பர். ஆண்டவர் தனித்துச் செபிக்கும் இடத்தை அவன் காட்டினான். இருளில் அவர் இன்னார் என்று முத்தத்தால் காட்டினான். அவன் காட்டிய இடமும் மெய். காட்டிய ஆளும் மெய். நட்பின் உரிமையால் அறிந்ததைப் பகைவருக்கு அளித்ததே அவன் செய்த துரோகம்.

அவனுக்கு நேர் எதிரே நிற்பவர் புனித சூசையப்பர். தமக்கு மண ஒப்பந்தமான மரியன்னை கருவுற்றிருப்பதை அறிந்தபோது, வானதூதர் இன்னும் விளக்கம் தராத நிலையில், அவர் நெஞ்சம் எவ்வளவு வருந்தியிருக்கும்! ஊரார் முன் சொல்லியிருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும். ஆனால் அவர் நீதிமானாக இருந்ததால் அன்னையை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்று புனித மத்தேயு எழுதுகிறார். நற்செய்தியில் சூசையப்பர் பேசிய சொல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அவருடைய நீதியை நாம் முதன்முதலில் காண்பதே இந்த அமைதியில்தான்.

செபத்தின் பெயரால்

பிறருக்குச் சொல்லிக்கொண்டே போவது எளிது. நம்முடைய தவறு ஒன்றையும் இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, திருப்பலி முடிந்து கோயில் படியில் அமர்ந்திருந்தபோது, பங்கைச் சார்ந்த அன்பர் ஒருவர் நம்மிடம் மனம் திறந்தார். மதுப் பழக்கத்தினின்று மீள மருத்துவம் பெற்று வருவதாகவும், அதை மனைவியைத் தவிர ஒருவரும் அறியார் என்றும் கூறி, "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வாரமே நடந்த அன்பியக் கூட்டத்தில் நாம் உருக்கமாக மன்றாடினோம். அவர் பெயரைச் சொல்லியே மன்றாடினோம். அவர் அன்று வரவில்லை. கூடியிருந்தோர் அனைவரும் ‘ஆமென்’ என்றனர். மறுநாள் காலைக்குள் தெரு முழுதும் அறிந்தது.

நாம் அதைச் செபம் என்றுதான் நினைத்தோம். ஆண்டவருக்கு அவருடைய பெயர் தெரியாதா? அவருடைய நோய் தெரியாதா? நாம் பேசியது விண்ணகத்தை நோக்கியன்று. சுற்றி அமர்ந்திருந்தோரை நோக்கியே என்பது பின்னரே உறைத்தது.

மன்னிப்புக் கேட்க அவர் இல்லத்துக்குச் சென்றோம். உள்ளே அழைத்து அமரச் செய்து காப்பி கொடுத்தார். "இருக்கட்டும், நீங்கள் நல்ல எண்ணத்தோடுதானே சொன்னீர்கள்" என்றார். இன்றும் கோயிலில் கண்டால் வணங்குகிறார். மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசுகிறார். ஆனால் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் அதன்பின் நம்மிடம் சொன்னதில்லை. அவர் நம்மை மன்னித்துவிட்டார் என்றே நம்புகிறோம். கதவோ மூடியபடியே இருக்கிறது.

இக்காலத்தில் இத்தவறு இன்னும் எளிதாகிவிட்டது. பங்கின் வாட்ஸப் குழுவில், "இன்னாருக்கு இன்ன நோய், செபியுங்கள்" என்று ஒருவர் இடுகிறார். அரை மணி நேரத்தில் அது ஐந்து குழுக்களுக்குச் செல்கிறது. மருத்துவமனைப் படுக்கையின் படமும் உடன் செல்கிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘பகிர்தல்’. அப்பத்தைப் பகிர்வதற்கு வழங்கிய திருச்சொல் அது. நம்முடையதைப் பிறருக்கு அளிப்பதன்றோ பகிர்தல்? பிறருடையதை எடுத்துப் பலருக்குக் கொடுப்பதற்கு அப்பெயர் பொருந்துமா? செபம் கேட்க விரும்பினால் நோயாளியின் இசைவைக் கேட்போம். இல்லையேல், "ஒரு கருத்துக்காக" என்று மட்டும் சொல்வோம். ஆண்டவருக்கு அது போதும்.

முத்திரையிட்ட காது

இரகசியம் காப்பதன் மேன்மையை உணர்த்தவே போலும், இறைவன் நம்மிடையே ஓர் அருட்சாதனத்தை வைத்திருக்கிறார். 1215-ஆம் ஆண்டு நடந்த நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் எனக் கட்டளையிட்டது. அதே விதியிலேயே, கேட்டதை வெளியிடும் குரு பதவி நீக்கப்பட்டு வாழ்நாள் முழுதும் கடுமையான மடமொன்றில் தவம் செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1983-ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் விதிப்படி, குரு சொல்லாலோ வேறு எவ்வகையாலோ எக்காரணத்துக்காகவும் பாவியைக் காட்டிக்கொடுக்கலாகாது. மொழிபெயர்ப்பாளரும், தற்செயலாகக் கேட்க நேர்ந்தவரும்கூட இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்களே. அடுத்த விதி இன்னும் நுட்பமானது: வெளியாகும் ஆபத்து இல்லாவிடினும், கேட்டதைப் பாவிக்குப் பாதகமாகப் பயன்படுத்தவும் கூடாது.

1393-ஆம் ஆண்டு பிராகு நகரில் நான்காம் வென்செஸ்லாசு மன்னனின் ஆணையால் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட புனித அருளப்பர் நெப்போமுக், அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்ததால் உயிர் துறந்தார் என்பது மரபு. திருச்சபை நிர்வாகம் பற்றி மன்னனுக்கும் பேராயருக்கும் எழுந்த பூசலே உடனடிக் காரணம் என்பர் வரலாற்றாசிரியர். எவ்வாறாயினும், 1729-ஆம் ஆண்டு புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட அவரை இரகசியத்தின் காவலராகவே மக்கள் நெஞ்சில் ஏற்றிவைத்தனர். அத்தகைய காவலர் ஒருவர் தேவை என்பதை மக்களின் உள்ளம் அறிந்திருந்தது.

நாட்டுச் சட்டமும் இதே திசையில் நடந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் மனநலத்தையும் மருத்துவத்தையும் பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படுவது அவரது உரிமை என்கிறது. மருத்துவர் சொல்லக்கூடாததை அடுத்த வீட்டார் சொல்லலாமா?

சொல்லியே தீர வேண்டியவை

இதனைப் படிக்கும் ஒருவர், "அப்படியானால் எதையுமே வாய் திறக்கக் கூடாதா?" எனக் கேட்கலாம். அன்று. தமிழில் மூன்றாவது வகைச் சொற்களும் உள்ளன: தெரிவித்தல், முறையிடுதல், சாட்சி கூறுதல். இவற்றில் உடைதலும் இல்லை, தீயும் இல்லை. கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய காரணத்துக்காகச் சொல்லுதலே இவற்றின் பொருள்.

கோயிலில் மண ஓலை வாசிக்கப்படும்போது, திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர் அதைப் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 1069-ஆம் விதி அவ்வாறு கூறுகிறது. குழாயடியில் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறவில்லை. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளாவதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அதே சட்டம் அக்குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. இத்தகைய குற்றங்களை அறியும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் எனத் திருத்தந்தை பிரான்சிசு 2019-ஆம் ஆண்டு மே மாதம் ஆணையிட்டார். ‘குடும்ப மானம்’, ‘சபை மானம்’ என்று சொல்லி இவற்றை மூடி வைத்தது பிள்ளைகளைப் பலியிட்டதற்கு ஒப்பாகும். எளியவரைக் காப்பதற்கே இரகசியம். எளியவரை வதைப்பவருக்கு அது திரையாகிவிடக் கூடாது.

மடலுக்கு விடை

சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறோம். ஆம், ஒப்புரவு அருட்சாதனத்தில் அதைச் சொல்லுங்கள். நீங்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நம்புகிறோம். ஆண்டவர் அதை நம்மைவிட நன்கு அறிவார். ஆயினும் ஒரு தாய் உங்களை நம்பித் திறந்த கதவு அது.

மணமக்கள் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும். தன் உடல்நலத்தையும் மனநலத்தையும் பற்றி அப்பெண் தன் வருங்காலக் கணவரிடம் பேசுவது நல்லதே. ஆனால் பேச வேண்டியவள் அவள். நேரமும் சொல்லும் அவளுடையவை. அவள் சொல்லியிருந்தால், அவள் பட்ட துன்பத்தையும் அதை வென்று எழுந்த உறுதியையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள். உங்கள் வாயிலிருந்து நோயின் பெயர் மட்டுமே வந்தது.

அப்பெண்ணின் தாயிடம் சென்று மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்புப் பெற்றாலும் கெடுத்த நற்பெயருக்கு ஈடு செய்யும் கடமை நீங்காது எனத் திருச்சபை போதிக்கிறது. ஆகவே அவள் பெயர் அடிபடும் இடத்திலெல்லாம், அவளைப் பற்றி நீங்கள் அறிந்த நல்லவற்றைச் சொல்லுங்கள். அவர்கள் கதவை உடனே திறக்காவிடினும் மனம் தளராதீர்கள்.

இனி உங்களிடம் யாரேனும் விசாரிக்க வந்தால், "பிறர் வீட்டுச் செய்தியை நாங்கள் சொல்வதில்லை, அவர்களிடமே நேரில் பேசுங்கள்" என்று கூறுங்கள். எல்லாக் குடும்பத்தையும் பற்றி, எப்போதும் அதையே கூறுங்கள். நல்ல செய்தி உள்ளபோது வாய் நிறையப் பேசி, மற்ற வேளையில் மட்டும் மௌனம் காத்தால், அந்த மௌனமே காட்டிக்கொடுத்துவிடும்.

வாசகர்களே, நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் பிறர் வைத்துச் சென்ற அடைக்கலப் பொருள்கள் பல உண்டு. இன்றிரவு குடும்பச் செபத்தின் முடிவில் ஒரு நிமிடம் அமைதியாக இருந்து, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். அவற்றை வைத்துச் சென்றவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பெயர்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டா.